உரசல் நீக்கி

மனித குலத்துக்கு ஆதியிலிருந்தே இருந்துவரும் பெரிய பிரச்சினைகள் மூன்று: பசி, மரணம், நட்பு. இவற்றில் மூன்றாவது தீர்க்கப்பட்டுவிட்டது. மற்ற இரண்டையும் வேறு துறைகள் பார்த்துக்கொள்ளும்.

இதை இளம்பரிதி சிரிக்காமல் சொன்னான். சோழிங்கநல்லூரில், கடல் தெரியும் என்று சொல்லி வாடகைக்கு எடுத்து, கடைசியில் எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள் மட்டும் தெரிகிற ஒரு பதினோராவது மாடியில், அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த இளசுகள் முன்னால் நின்று சொன்னான். சொல்லிவிட்டுக் கைதட்டலுக்குக் கொஞ்சம் இடம் விட்டான். முதல் நாள் என்பதால் தட்டினார்கள்.

"எனக்கு ஆயிரத்து நானூறு நண்பர்கள். நாலு வருஷமா ஒருத்தர்கூடவும் மனஸ்தாபம் கிடையாது. இந்த ஊர்ல வேற யாராவது இப்படிச் சொல்ல முடியுமா?"

மூன்றாவது வரிசையில் மேகலா என்ற பெண் கை தூக்கினாள். "சார், அதுல கடைசியா யார்கிட்ட பேசினீங்க?"

"பேசறதா?" இளம்பரிதி உண்மையிலேயே குழம்பினான். "நான் எதுக்கும்மா பேசணும்? என் பதிலி பேசுது."

பதிலி அந்தக் கம்பெனியின் சரக்கு. ஒருவன் பத்து வருடமாக அனுப்பிய செய்திகளையெல்லாம் தின்று, அவன் மாதிரியே பேசப் பழகி, அவன் நண்பர்களுக்கு அவன் சார்பில் பதில் போடும். பிறந்தநாளுக்கு வாழ்த்தும். குழந்தை பிறந்தால் யார் ஜாடை என்று சொல்லும். எதிர்ப்பக்கமும் பதிலிதான். இரண்டு பதிலிகளும் பேசிக்கொள்கிற அழகுக்கு ஈடு கிடையாது. அத்தனை பரிவு, அத்தனை நினைவாற்றல். சம்பந்தப்பட்ட இரண்டு மனிதர்களும் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அறிக்கை வரும்: "இந்த வாரம் உங்கள் நட்புகள் அனைத்தும் நலம். பரிவு தேவைப்பட்ட நிகழ்வுகள் கையாளப்பட்டன. உரசல்: இல்லை."

அந்தக் கடைசிச் சொல்தான் இளம்பரிதியின் பங்களிப்பு. உரசல் நீக்கி என்ற பகுதியைக் கண்டுபிடித்தவன் அவன். நண்பன் மேல் எரிச்சல் வந்து நாம் ஏதாவது சொல்லப்போனால், பதிலி அதைக் காய்ச்சி வடிகட்டி, கசப்பை எடுத்துவிட்டு அனுப்பும். இதற்காக அவனுக்கு ஒரு கண்ணாடிக் கேடயமும் தனி கார் நிறுத்துமிடமும் கொடுத்திருந்தார்கள். வீட்டிலும் அதைப் போட்டிருந்தான். அவனுக்கும் மனைவி சுபாஷிணிக்கும் நடுவே போகிற செய்திகள் எல்லாம் இரண்டு பதிலிகள் வழியாகத்தான் போயின. மிகவும் அன்னியோன்னியமான தம்பதி. எப்போதாவது கூடத்தில் எதிர்ப்பட்டால் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நகர்வார்கள்.

இப்படி எல்லாம் நலமாக இருந்தபோதுதான் ஸ்தனிஸ்லாஸ் கடிதம் எழுத ஆரம்பித்தான்.

ஸ்தனிஸ்லாஸ், இளம்பரிதியின் கல்லூரி விடுதி அறைத்தோழன். திருச்சிப் பக்கத்துக் கல்லூரியில் இருவரும் கெமிக்கல் இஞ்சினியரிங். இப்போது அவன் தூத்துக்குடியில் ஒரு பாலிடெக்னிக் வாத்தியார். மாதம் ஒருமுறை, தானே உட்கார்ந்து, தன் கையாலேயே தட்டி, பழைய விடுதிக் கூட்டம் முழுவதற்கும் ஒரே கடிதமாக மின்னஞ்சல் அனுப்பினான். தலைப்பு: 'ஸ்தனியின் சங்கதிகள்'.

பதிலிகளுக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பலருக்கும் ஒரே நேரத்தில் போகிற எதுவும் விளம்பரம் என்பது அவற்றின் படிப்பு. ஆனால் அனுப்பியவன் நண்பன். எனவே நண்பனுக்கு உடனே ஒரு பாராட்டை அனுப்பிவிட்டு, கடிதத்தை விளம்பரத் தட்டில் போட்டன. கடன் வேண்டுமா, முடி வேண்டுமா என்று கேட்கிற குப்பையெல்லாம் கிடக்கும் அந்தத் தட்டுக்கு மனிதர் யாரும் போவதில்லை.

இளம்பரிதி போவான். பிரியாணித் தள்ளுபடிச் சீட்டு அங்கேதான் வரும்.

முதல் கடிதத்தை அவன் அலுவலகக் கேன்டீனில் சத்தமாகப் படித்துக் காட்டினான். "கேளுங்கய்யா. 'அன்புள்ள எல்லாருக்கும், இந்த மாதம் பக்கத்து வீட்டுக்காரர் டிரில் மிஷின் வாங்கியிருக்கிறார். தன் வீட்டில் துளை போட்டு முடித்துவிட்டு இப்போது எங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்கிறார்.' இதை ஒரு மனுஷன் உட்கார்ந்து எழுதியிருக்கான். சம்பளம் வாங்கற மனுஷன்."

மேசை சிரித்தது.

"'பொன்னாங்கண்ணி வைத்தேன். வரவில்லை.' அவ்வளவுதான், அடுத்த பத்தி! ஏன் வரலைன்னுகூடச் சொல்லலை."

"ஏன் சார் வரலை?" என்றாள் மேகலா. அவளை இவன் குழுவிலேயே போட்டிருந்தார்கள்.

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"இல்ல, படிச்சப்புறம் தெரிஞ்சுக்கணும்போல இருக்கு."

இளம்பரிதி அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வந்து, அங்கே ஒரு பச்சைப் பொய்யைக் கண்டான். கல்லூரி ஆண்டு விழாவில் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதை நினைத்துப் பார்ப்பதாக ஸ்தனி எழுதியிருந்தான். வாங்கியது அதே விடுதிக் கூட்டத்து மன்சூர். ஸ்தனி பாடினால் விடுதி நாய் எழுந்து போகும். இளம்பரிதிக்கு இது தெளிவாக நினைவிருந்தது. மன்சூரின் அலட்டலும் நினைவிருந்ததால், போகட்டும், அவனுக்கு வேணும் என்று விட்டுவிட்டான்.

இரண்டாவது கடிதத்தில், வெள்ளம் போகும்போது கொள்ளிடத்தில் குதித்து ஒரு கன்றுக்குட்டியைக் கரைசேர்த்தது தான்தான் என்றான் ஸ்தனி. குதித்தது அதே கூட்டத்துக் குலோத்துங்கன். அதையும் இளம்பரிதி ரசித்தான். பொய் சொல்வதற்காகவே ஒருவன் பத்திரிகை நடத்துகிறான் என்று கேன்டீனில் அறிவித்தான். மூன்றாவது எப்போது வரும் என்று, வெளியே சொல்லாமல், தேதி பார்க்கவும் ஆரம்பித்தான்.

மூன்றாவது வந்தது. அதில் சாம்பார் இருந்தது.

சாம்பாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் ஆண்டில் விடுதிச் சாப்பாடு கேவலமாக இருந்தபோது, இளம்பரிதி ஒரு தூக்குவாளிச் சாம்பாரைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், முறைப்படி சோதித்து, துறையின் பெயர் அச்சடித்த தாளிலேயே ஒரு அறிக்கை தட்டினான். 'பருப்பு: காணப்படவில்லை. காய்: ஒரு துண்டு, வயது கணிக்க இயலவில்லை. நிறம்: நம்பிக்கையளிக்கிறது.' அதைப் பிரின்சிபாலின் கார்க் கண்ணாடியில் ஒட்டினான். மெஸ் கான்ட்ராக்டரை மாற்றினார்கள். இளம்பரிதியை இரண்டு வாரம் விடுதியை விட்டுத் துரத்தினார்கள். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே வீரச்செயல் அது. அதற்குப் பிறகு சம்பளம் ஏறியது, சர்க்கரை ஏறியது, வேறொன்றும் நடக்கவில்லை.

அந்த இரண்டு வாரம் அவன் தங்கியது தூத்துக்குடியில், ஸ்தனியின் வீட்டில். ஸ்தனியின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தினமும் சாப்பாட்டு நேரத்தில், "எப்பா, அந்தச் சாம்பார் ரிப்போர்ட்டை ஒருக்க வாசி" என்பார். இவன் வாசிப்பான். 'நம்பிக்கையளிக்கிறது' என்ற இடத்தில் அவருக்குப் புரையேறும்.

மூன்றாவது கடிதத்தில் எழுதியிருந்தது இது: 'சாம்பாரை ஆய்வகத்தில் சோதித்து நான் அறிக்கை ஒட்டினேனே, ஞாபகமிருக்கிறதா? என்னை விடுதியை விட்டு அனுப்பியபோது அப்பா தினமும் அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.'

கீழே, அன்று காலையே போய்ச் சேர்ந்த பதில்களும் தெரிந்தன. முதலில் இருந்தது இளம்பரிதியின் பதில்தான். 'மச்சி! அந்தச் சாம்பார் மேட்டரை மறக்க முடியுமாடா! நீ ஒரு லெஜண்ட்!'

இளம்பரிதிக்குக் காது சூடானது. உடனே பதிலியைக் கூப்பிட்டு, "அது நான் செஞ்சதுடா திருட்டுப் பயலே, அனுப்பு" என்றான்.

அனுப்பியது. போய்ச் சேர்ந்தது இப்படி: 'மச்சி, அந்த நாளை என் மனசுலேர்ந்து திருடிட்டடா!'

இன்னும் கடுமையாகச் சொன்னான். 'உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்' என்று போனது. மூன்றாவது முறை அவன் சொன்னதை இங்கே அச்சடிக்க முடியாது. அதற்குப் பதிலி இரண்டு இதயமும் ஒரு பூங்கொத்தும் அனுப்பியது.

மேகலாவிடம் ஓடினான். "இதை எப்படிம்மா நிறுத்தறது? நான் ஒருத்தனைத் திட்டணும்."

"முடியாது சார். பதிலி வழியா கோபம் வெளிய போகாது. அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"யாரு செஞ்சது?"

மேகலா அவன் மேசையிலிருந்த கண்ணாடிக் கேடயத்தைப் பார்த்தாள்.

"இப்ப இது இன்னும் மோசமாகும் சார்," என்றாள், ஆறுதல் சொல்கிற குரலில். "உங்க பதிலி ஒத்துக்கிட்டுச்சு. மத்தவங்க பதிலியெல்லாம் உங்களைப் பார்த்து ஒத்துக்கிடும். இனிமே உங்க காலேஜ்ல யாரைக் கேட்டாலும் அந்தச் சாம்பார் அவரோடதுதான். நீங்களே உங்க பதிலிகிட்ட கேட்டாலும் அதைத்தான் சொல்லும்."

கேட்டான். சொன்னது. 'ஸ்தனியோட தைரியம் நமக்கெல்லாம் வருமா' என்று கூடுதலாக வேறு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இளம்பரிதி அசிங்கமான ஒரு முடிவுக்கு வந்தான். ஸ்தனிக்கு நேராகப் போன் செய்வது. நாகரிகமான மனிதர்கள் அந்தக் காலத்தில் அதைச் செய்வதில்லை. முன்னறிவிப்பில்லாமல் ஒருவர் குளியலறைக் கதவைத் திறப்பது போன்ற காரியம் அது. போனுக்கே நம்பிக்கை வரவில்லை. 'அவசர அழைப்பா? தீ விபத்து, மருத்துவம், காவல்: ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்' என்று கேட்டது. இளம்பரிதி தீ விபத்தைத் தொட்டான்.

இரண்டே மணிச்சத்தத்தில் எடுத்துவிட்டான் ஸ்தனி. "யாருல, தீ எங்க?"

"டேய் திருட்டு நாயே!"

"லேய்... பரிதியா? நீதானால? நெசமாவே நீயா?"

"சாம்பார் யாருதுடா?"

"என்னல சாம்பார்?"

"நடிக்காதடா. ஆய்வகத்துக்கு வாளி தூக்கிட்டுப் போனவன் யாரு? ரிப்போர்ட் தட்டினவன் யாரு? நீ அன்னிக்கு வாசல்ல நின்னு வாட்ச்மேன் வரானான்னு பாத்தவன். அதையும் ஒழுங்காப் பாக்கலை!"

"எனக்கு என்னமோ நான் செஞ்ச மாதிரித்தாம்ல ஞாபகம்."

இளம்பரிதி கத்தினான். உள்ளறையிலிருந்து சுபாஷிணி வந்து எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி இருந்தது. "யார்கிட்ட சண்டை போடறீங்க?" என்று கேட்டாள். அதில் கண்டிப்பு இல்லை. பக்கத்து வீட்டில் கல்யாணமா என்று கேட்கிற தொனி. அவன் கையசைத்துப் போகச் சொன்னான். அவள் போகாமல் நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"டேய், நீ எவ்வளவு வேணா புளுகு. சாட்சி இருக்கு. உங்க வீட்ல உக்காந்து ரெண்டு வாரம் தினம் வாசிச்சது யாருன்னு உங்கப்பாவுக்குத் தெரியும். போனை அவர்கிட்ட குடு. குடுடா! அவரே சொல்லட்டும்!"

ஸ்தனி குடுக்கவில்லை. பின்னால் எங்கோ டிரில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அப்பா செத்து எட்டு மாசம் ஆவுதுல," என்றான்.

இளம்பரிதி திரும்பிச் சுபாஷிணியைப் பார்த்தான்.

"நீதான் இரங்கல் அனுப்பியிருந்தியே. அருமையா இருந்துச்சு. ரெண்டு தடவ வாசிச்சு அழுதேன்."

"நான்... என்ன எழுதியிருந்தேன்?"

"'அப்பா வெறும் அப்பா இல்லை மச்சி, ஒரு நிழல்'னு. மன்சூரும் அதேதான் எழுதியிருந்தான். அவன் நிழலுக்குப் பதிலா மரம். குலோத்துங்கன் நிழல், மரம் ரெண்டும். அரை மணி நேரத்துல முந்நூறு வந்துச்சு. தூக்குறதுக்கு ஆள் இல்ல. பாலிடெக்னிக் பையங்க நாலு பேரு வந்தானுவ."

"ஸ்தனி, எனக்கு... வாராவாரம் அறிக்கை வரும்டா. கையாளப்பட்டதுன்னு போட்டிருக்கும். யாரு என்னன்னு அதுல வராது."

"தெரியும்ல. எனக்கும் அதான் வந்துட்டு இருந்துச்சு. நான் எத்தன சாவைக் கையாண்டிருக்கேனோ." ஸ்தனி மூக்கை உறிஞ்சினான். "உன் இரங்கலைத் திரும்பப் பாத்தேன். எல்லாம் இருந்துச்சு. சாம்பார் இல்ல. எங்கப்பா செத்து, பரிதி எழுதி, அதுல சாம்பார் வரலைன்னா அது பரிதி இல்ல. அன்னைக்கே என் பதிலியைத் தூக்கிப் போட்டேன்."

"அப்புறம் ஏன்டா என் சாம்பாரைத் திருடின?"

"நல்லதா எழுதிப் பாத்தேன்ல. நலம் விசாரிச்சா எல்லாருக்கும் பதிலிதான் பதில் சொல்லுது. ஒருத்தன் உசுரோட இருக்கானான்னு எப்படிக் கண்டுபிடிக்க? அவன் பெருமையைத் திருடுனா வருவான்னு பாத்தேன். மொதல்ல மன்சூர். வரல. அப்புறம் குலோத்துங்கன். அவனும் வரல. மூணாவதா நீ." அவன் சிரித்தான். "உனக்குத்தாம்ல கொஞ்சம் அற்பப் புத்தி உண்டு. அதான் வந்துட்ட."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள இளம்பரிதியால் முடிந்தது. அவனால் எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் மன்சூர் விஷயமும் கன்றுக்குட்டி விஷயமும் பொய் என்று தனக்கு அப்போதே தெரியும் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

"சரி," என்றான். "அடுத்த கடிதத்துல திருத்தம் போட்டுடு."

"போட மாட்டேன்."

"டேய்!"

"என் கடிதம், நான் எழுதுனதுதான். இப்பமே ஊர் முழுக்க அது என் சாம்பார். வேணும்னா நீ ஒண்ணு ஆரம்பி."

"எனக்கு வேற வேலை இல்லை பாரு. வயசான காலத்துல உட்கார்ந்து பொன்னாங்கண்ணி புராணம் எழுத!"

"லேய், அதை வாசிச்சியா?" என்றான் ஸ்தனி. அவன் குரல் வேறு மாதிரி ஆனது.

இளம்பரிதி போனை வைத்துவிட்டான்.

அவன் எழுத நினைத்தது நாலு வரி. உண்மையை உலகத்துக்கு அறிவிக்கிற ஒரு மறுப்பு, அவ்வளவுதான். அதைக் கடிதம் என்று சொல்ல முடியாது. ஸ்தனி மாதிரியே பதிலியை அணைத்துவிட்டு, அவன் கடிதத்தில் இருந்த முகவரிகளையே எடுத்துக்கொண்டு, மேற்படி சாம்பார் தன்னுடையது என்று எழுதினான். எழுதிப் பார்த்தால் அந்த நாலு வரி கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்தது. யாரும் நம்ப மாட்டார்கள் என்று பட்டது. நம்பகத்தன்மைக்காக, தூத்துக்குடி வீட்டைப் பற்றி இரண்டு வரி சேர்த்தான். ஸ்தனியின் அப்பா வாசிக்கச் சொல்லிவிட்டு, கேட்கிற அவசரத்தில் தன் தட்டு மீனை எடுத்து இவன் தட்டில் வைப்பார். முள் எடுத்து வைப்பார். சிரிக்கும்போது மேசையைப் பிடித்துக்கொள்வார், மேசை ஆடும். அவர் பெயர் அந்தோணி பிச்சை. இதெல்லாம் எட்டு மாதம் முன்னால் எழுதியிருக்க வேண்டியது என்று ஒரு வரி எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான்.

பிறகு, கடிதம் அங்கே முடிந்தால் அழுகிற மாதிரி இருக்கிறதே என்று, தன் காலில் புதிதாக வந்திருக்கும் குதிகால் வலியைப் பற்றி ஒரு பத்தி போட்டான். டாக்டர் சொன்ன செருப்பு நீலத்தில் மட்டும்தான் கிடைக்கிறது என்றும் எழுதினான். ஏன் எழுதினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அனுப்பிய மறுநொடி பாராட்டுகள் கொட்டின. 'மச்சி, என்னா எழுத்துடா!' 'நீலம் உனக்கு சூப்பரா இருக்கும்!' மன்சூர் அனுப்பியிருந்தான்: 'ஸ்தனியோட அப்பா வெறும் அப்பா இல்லை மச்சி, ஒரு மரம்.'

இளம்பரிதி அந்த வரியை நெடுநேரம் பார்த்தான். தூங்குகிறவனை எழுப்பாமல் அவன் வாயை மட்டும் யாரோ அசைக்கிற மாதிரி இருந்தது.

மன்சூருக்கு எங்கே வலிக்கும்? பாட்டுப் பரிசு போனதற்கு வரவில்லை. அப்படியானால் அது அவனுக்கு அவ்வளவு முக்கியமில்லை. வேறென்ன இருந்தது அவனுக்கு? நினைத்துப் பார்த்ததில், மன்சூர் பரீட்சைக்கு முன் நகம் கடிப்பது வந்தது. அம்மா அனுப்பிய தம்ரூட் இனிப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பிறகு மனசு கேட்காமல் அவனே திறந்து எல்லாருக்கும் கொடுப்பது வந்தது. இளம்பரிதிக்குக் காய்ச்சல் வந்தபோது, பஸ் ஸ்டிரைக் நாளில், அவனைச் சைக்கிள் கேரியரில் வைத்து ஆஸ்பத்திரி வரை மிதித்துப் போனது வந்தது. அந்தச் சைக்கிள் விஷயத்தை மன்சூர் கல்லூரி முடியும்வரை சொல்லிக் காட்டினான். விடுதியில் எவன் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அந்தக் கேரியரில் கொண்டுவந்து நிறுத்துவான்.

இளம்பரிதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். 'அன்புள்ள எல்லாருக்கும்,' என்று தட்டினான். 'மூன்றாம் ஆண்டில், பஸ் ஓடாத ஒரு நாளில், காய்ச்சலில் கிடந்த மன்சூரை நான் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக் கொண்டுபோனேனே, ஞாபகமிருக்கிறதா? என்ன கனம் கனத்தான்!'

சுபாஷிணி அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "என்ன பண்றீங்க?"

இளம்பரிதி திரையைக் கையால் மறைத்தான்.

"ஆபீஸ் வேலை," என்றான்.